நன்றிப் பக்கத்தில் ஒரு திருத்தம்

தச்சநல்லூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த எடிட்டரில்தான் இதை எழுதுகிறேன், ராசா. நேற்று சாயங்காலம் உன் ஆய்வேட்டின் கோப்பு வந்து சேர்ந்தது. கணக்கெல்லாம் நீ பார்க்க வேண்டாம், முன்னால் இருக்கிற நன்றிப் பக்கத்தை மட்டும் பிழை பார்த்துச் சொல், வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வரி உண்மை இல்லை. 'ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு நான் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில், எப்போது முடிப்பாய் என்று ஒரு நாள்கூடக் கேட்காத என் அம்மாவுக்கு' என்று எழுதியிருக்கிறாய். உங்கப்பாதான் அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ கேக்கவே இல்லையாக்கும்?"

"பிள்ள எழுதியிருக்கான்லா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். டாக்டர் பட்டம் வாங்கப் போறவன் பொய்யா எழுதப் போறான்?" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த வரி அப்படியே அச்சாகக் கூடாது. ஏன் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டும். போனில் ஆரம்பித்தால் "விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுவதால், கம்ப்யூட்டரில் கணக்குப் பயிற்சி நூல் செய்த கதையை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை. நீ எல்லோரும் படிக்கிற பக்கத்தில் என்னைப் பாராட்டியிருக்கிறாய். திருத்தமும் எல்லோரும் படிக்கிற இடத்தில் இருப்பதுதான் முறை. ஆனால் முதலில் நீ படி. வேண்டாம் என்று சொன்னால், ஆற்றங்கரை மருத மரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதில் யாருக்கும் வருத்தம் வராது.

நீ ஒரு பெட்டியும் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் காகிதமுமாக வந்து இறங்கிய நாளில் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் செய்தாய். "ஒரு தேற்றத்துல ஓட்டை விழுந்துட்டு எம்மா. அத நம்பித்தான் மூணு அத்தியாயமும் நிக்குது" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓட்டைன்னா அடைச்சிரு." தோசைக்கல்லைத் திருப்பிக்கொண்டே சொன்னேன். முப்பத்து நாலு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் நான். என் கணக்குக்கெல்லாம் புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கும். விடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு கணக்கோடு ஒருவன் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்டேன். காலையில் காபி டம்ளரை நீட்டும்போது, "என்னலே, எப்ப முடிப்ப?" வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரலில், உற்சாகப்படுத்துகிறேன் என்ற நினைப்பில் கேட்டேன். நீ ஒவ்வொரு நாளும் "இன்னும் கொஞ்சம்தான் எம்மா" என்பாய். வள்ளியூர்க் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் விசாரித்தபோது, "லீவுல வந்திருக்கான்" என்று கூசாமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றும் முன்பே உன் அறை வாசலில் நின்று, "எல்லாரும் கேக்காவ, நான் என்னத்தச் சொல்ல?" என்று உன்மேலேயே பாரத்தை இறக்கினேன். இப்படி எட்டு மாதம்.

அந்தச் சமயத்தில்தான் என் பயிற்சி நூல் குறுக்கே வந்தது. கணக்கு என்றாலே மிரளுகிற பிள்ளைகளுக்காக, நம் ஊர்ப் பாலமும் வாழைத்தோட்டமும் வைத்து நானே யோசித்த கணக்குகள். எல்லாவற்றையும் பழைய எழுத்துருவில் அடித்து, சமன்பாடுகளைப் படமாக ஒட்டி வைத்திருந்தேன். ஒரு வரி சேர்த்தால் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் முழுவதும் கட்டமும் கொக்கியுமாகத் திறந்தது. "டீச்சர், இது எந்த நாட்டுப் பாஷை?" என்று அச்சகத்து அண்ணாச்சி கேட்டதை நான் வீட்டில் வந்து சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது: "அதுக்கு லேடெக் போடணும் எம்மா. நாங்க அதுலதான் எழுதுவோம். நீ எழுத்த மட்டும் எழுது, பக்கத்த அது அமைச்சிக்கிடும்." பல நாளைக்குப் பிறகு, யாரும் கேட்காமல் நீயாகப் பேசிய பேச்சு அது. அதற்கே நான் உனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மென்பொருளை நிறுவிய நாள் உனக்கு நினைவிருக்கும். சிறிய தொகுப்பு போதுமா, முழுத் தொகுப்பும் வேண்டுமா என்று நீ கேட்டாய். சிறியதைப் போட்டால் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் என்றாய். எனக்கு முழுசும் வேண்டும் என்றேன். கடலை மடித்து வந்த காகிதத்தையும் விடாமல் படித்து வளர்ந்தவளிடம் போய்ச் 'சிறியது போதுமா' என்று கேட்கலாமா? உங்கப்பாவின் போனை ஜன்னல் கம்பிமேல் வைத்து அதன் இணைப்பில் இறக்கினாய். அழைப்பு வந்தால் அறுந்துவிடும். காலைப் பலகாரம் முடிந்து தொடங்கியது, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஓடியது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பொதிகள், ஒவ்வொன்றின் பெயரும் திரையில் ஏறி மறைந்துகொண்டிருந்தது. நடுவில் யாரோ அழைத்துவிட, உங்கப்பா பாய்ந்து எடுத்து, "அண்ணாச்சி, இங்கன சாமான் இறங்கிக்கிட்டு இருக்கு, பொறவு பேசுவோம்" என்று வைத்துவிட்டார். அரைமணி நேரத்தில் அந்த அண்ணாச்சி, என்ன சாமான், பீரோவா என்று பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். அவருக்கும் காபி போட்டேன். எல்லாம் முடிந்து ஆசையாக முதல் பக்கத்தை ஓடவிட்டால் வெள்ளைத்தாள் வந்தது. உள்ளே பல எந்திரங்கள் இருக்கின்றன, அதில் தமிழ் யூனிகோடு தெரிந்த எந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த எழுத்துரு என்று பெயரும் சொல்ல வேண்டும் என்று விளக்கினாய். நான் கோடு போட்ட நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். "எம்மா, நீ டீச்சரா, ஏழாங்கிளாஸ் பிள்ளையா?" என்றாய். ஏழாம் வகுப்புப் பிள்ளையாக இருப்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த வேலை.

பிறகு எடிட்டர் பார்க்கும் படலம். எழுதுகிற கட்டளைகளை எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம், உனக்குக் கைக்கு இசைந்ததை எடுத்துக்கொள் என்றாய். முதலில் நீ புழங்குகிற கறுப்புத் திரையைக் கொடுத்தாய். எழுதத் தொடங்குமுன் ஒரு விசையைத் தட்டி அனுமதி வாங்க வேண்டும், முடித்தபின் இன்னொன்றைத் தட்டி விடைபெற வேண்டும். "இது என்னலே, கலெக்டர் ஆபீஸா?" என்றேன். அதிலே 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. இரண்டாவது எடிட்டர் பல வண்ணம், பல பட்டை. நான் மூன்று எழுத்து அடிப்பதற்குள் அது ஐந்து யோசனை சொல்லும். கல்யாண வீட்டுப் பந்தியில் பின்னால் நின்று "இத வைங்க, அத வைங்க" என்கிற மாமா மாதிரி இருக்கிறது என்றேன். மூன்றாவதில் இடப்பக்கம் நான் எழுதுவது, வலப்பக்கம் அச்சுப் பக்கம், மேலே ஒரே ஒரு பச்சைப் பொத்தான். "இதுதான்" என்றேன். "இது ரொம்பச் சின்னதும்மா, கொஞ்ச நாள்ல போதாதுன்னு சொல்லுவ" என்று முகத்தைச் சுளித்தாய். இன்றுவரை போதும். ஒரு கருவியின் பெருமை நமக்கு வேண்டியதில்லை, வேலை நடுவில் அது நம்மிடம் பேசாமல் இருந்தால் சரி. உன் கறுப்புத் திரையை நான் கேலி செய்தேன், ஆனால் உன் விரல் அதில் ஓடுகிறபோது நீ திரையையே பார்ப்பதில்லை, யோசனையை மட்டும் பார்க்கிறாய் என்பதையும் கவனித்தேன். அவரவர் கைக்கு அவரவர் எடிட்டர். இதை மட்டும் நான் மற்ற விஷயங்களிலும் சீக்கிரமாகக் கற்றிருந்தால் நன்றாயிருக்கும்.

மூன்றாம் வாரம், முதல் பாடத்தை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தேன். 'ஒரு தோட்டத்தில் உள்ள வாழைக்கன்றுகளில் 20% காற்றில் சாய்ந்தன' என்று தொடங்கும் கணக்கு. பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "டீச்சர், கேள்வி எங்க?" என்று ஒருத்தி எழுந்தாள். 'வாழைக்கன்றுகளில் 20' என்பதோடு கணக்கு நின்றிருந்தது. அடுத்த கணக்கும் அப்படியே, அதற்கடுத்ததும். பின் பெஞ்சில் ஒருவன் எல்லாவற்றுக்கும் விடை 20 என்று எழுதி முதல் ஆளாகத் தாளை நீட்டிவிட்டான். "கணக்குலயே இருக்கே டீச்சர், நான் என்னத்தக் கண்டுபிடிக்க?" வீட்டுக்கு வந்து உன்னிடம் தாளைக் காட்டினேன். நீ பார்த்தாய், பிறகு சிரித்தாயே ஒரு சிரிப்பு! உங்கப்பா மொட்டை மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "அந்தச் சதவீதக் குறி போட்டா, அந்த வரியில அதுக்குப் பொறவு உள்ளது எதுவும் அச்சுல வராது எம்மா. நமக்கு நாமே குறிச்சு வைக்கதுக்கு உள்ளது. எழுதுதவனுக்கு மட்டும்தான் தெரியும். அச்சுல குறி வேணும்னா முன்னால ஒரு சாய்கோடு போடணும்." நான் பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடிக்கிறவள். அதனால் பத்தியையே அது விழுங்கியிருந்தது. சாய்கோடு போட்டேன், கேள்விகள் திரும்பி வந்தன.

இனிதான் நான் சொல்ல வேண்டியது. என் வேலைக்காக உன் மடிக்கணினியையே கொடுத்திருந்தாய். "எல்லாம் பாத்துக்கோ, ஆய்வேடு இருக்க அந்தப் போல்டர மட்டும் தொறக்காத" என்று சொல்லியும் கொடுத்தாய். ஒரு மத்தியானம், நீயும் உங்கப்பாவும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தீர்கள். தேற்றங்களைச் சுற்றிக் கட்டம் போடுவது எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீ வந்ததும் கேட்டிருக்கலாம். பொறுக்கவில்லை, திறந்தேன். கட்டம் எங்கே என்று தேடிக்கொண்டு போனால், உன் ஆங்கில வரிகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சில வரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சதவீதக் குறி. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். முதலில் வாய்க்குள் வாசித்துப் பார்த்துத்தான் தமிழ் என்றே பிடிபட்டது. 'அம்மா இன்னைக்கும் கேட்டா. ரெண்டு வரி எழுதினேன். அழிச்சாச்சு.' பத்து வரி தள்ளி, 'அம்மா இன்னைக்கும் கேட்டா. இன்னைக்கு எழுதவே வரல.' அடுத்த பக்கத்தில், 'நாளைக்கும் கேப்பா.' இன்னும் இருந்தன. அவற்றை இங்கே எழுதமாட்டேன், அவை உன்னுடையவை. கடைசி அத்தியாயம் வரை பார்த்துவிட்டுத்தான் மூடினேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று சொல்லலாம். நான் நிறுத்தவில்லை.

நீங்கள் ஈரத்துண்டோடு திரும்பி வந்தபோது சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். "என்னம்மா, கட்டம் போட்டுட்டியா?" என்றாய். "வரல லே, நீயே சொல்லித் தா" என்றேன். அது பொய். எப்படிப் போடுவது என்று பார்த்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் காபி டம்ளரை நீட்டியபோது கேள்வி வாய்வரை வந்தது. பழக்கம். அதற்குப் பதில் என்ன பேசுவது என்று தெரியாமல், "பின்னத்துக்கு நடுவுல உள்ள கோடு ஏன் இவ்வளவு சின்னதா வருது?" என்று கேட்டுவைத்தேன். நீ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். அன்று தொடங்கி, உன் கணக்கைப் பற்றிக் கேட்பதை விட்டு என் கணக்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். பிழைச் செய்தி வந்தால் உன்னைக் கூப்பிடுவேன். அதில் பாதிக்கு எனக்கே வழி தெரியும், நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். நீ இந்த மேசைக்கு வந்து உட்கார வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரே சந்தேகத்தை மூன்றாம் முறை கேட்டபோதும் "இது கூடத் தெரியாதா" என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை, ராசா. "பைய பாப்போம் எம்மா, எங்கன போயிருதுன்னு" என்பாய். நான் வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் "இது கூடத் தெரியாதா" என்று கேட்டிருப்பேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். பணியின் கடைசி வருடத்தில் நான் கொஞ்சம் நல்ல டீச்சராக இருந்திருந்தால், அது உன்னிடம் படித்தது.

ஒரு நாள் நீ மேசையின் அந்தக் கோடியில் உன் காகிதங்களைப் பரப்பினாய். நான் தலையைத் தூக்கவில்லை. அடுத்த நாளும் பரப்பினாய். உங்கப்பா எட்டிப் பார்த்து, "ஆத்தாளும் மவனும் பரீட்சைக்குப் படிக்கியளா? நான் யார்ட்ட பேச?" என்று கேட்டுவிட்டு வாழைத்தாரைப் பழுக்கப் போடப் போய்விட்டார். அந்த ஓட்டையை நீ எப்படி அடைத்தாய் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் உதவினேன் என்று நினைக்கவும் மாட்டேன். மறித்துக்கொண்டு நின்றவள் விலகி நின்றேன், அவ்வளவுதான். ஒரு காலை நீ பேனாவை வைத்துவிட்டு, "எம்மா, நிக்குதுன்னு நினைக்கேன்" என்றாய். நான் "அப்படியா, காபி வேணுமா?" என்றேன். அடுக்களைக்குள் போய்ப் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ திரும்பவும் பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறியபோது, என் நூலும் அச்சாகி வந்திருந்தது. அதன் முன்னுரையில் உன் பெயரைப் போட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை.

இப்போது உன் முறை என்று நீயும் என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். பின்னால் வந்த மாதங்கள் மட்டும் உன் நினைவில் தங்கி, முதல் எட்டு மாதம் அழிந்துவிட்டதா? அல்லது எல்லாம் நினைவிருந்தும் எனக்காக அப்படி எழுதினாயா? எதுவானாலும் அது உன் நல்ல மனசு. ஆனால் நானாகத் திருந்தி நிறுத்தினேன் என்று நீ நம்புகிறாய் என்றால், அது சரியில்லை. திறக்காதே என்று நீ சொன்னதைத் திறந்து, உன்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாதென்று நீ எழுதியதைப் படித்து, அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன். படிக்காமல் இருந்திருந்தால் இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நாளை உன்னிடமும் மாணவர்கள் வருவார்கள். பாதியில் நின்ற வேலையோடு ஒருவன் எதிரே உட்கார்ந்திருப்பான். அவன் எழுதி மறைத்து வைத்திருப்பதைப் படிக்க உனக்கு வழி இருக்காது, இருக்கவும் கூடாது. அது அங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவனிடம் பேசு. எனக்கு அது களவாடித்தான் தெரிந்தது, உனக்கு அப்படி வேண்டாம்.

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த வரியை மாற்று. 'எட்டு மாதம் தினமும் கேட்ட, பிறகு கேட்காத என் அம்மாவுக்கு' என்று போட்டால் உண்மையாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தால் வெறுமனே 'அம்மாவுக்கு' என்று போடு. இந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லும் இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதையும் நான் புரிந்துகொள்வேன், அப்பா பெயர் இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தாலும் எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்குப் போட்ட அத்தனை காலைகள் கிடைத்தன. பெற்ற பிள்ளையோடு அப்படி உட்காரும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும், அது நியாயம். போன் எடுக்கப் பிடிக்காவிட்டால் எடுக்காதே, உங்கப்பாவிடம் பேசு. எப்போது ஆறும் என்று மட்டும் நான் கேட்கமாட்டேன்.